ஒப்புக்குக் கொடுக்கிறேன்

மார்ச் 4, செவ்வாய்
இன்றைய செலவு: சோப்புப் பொடி, பல்பு, பேருந்து. கணக்கு சரி. நான்தான் சரியில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து முடிவு வந்துவிட்டது. நாத்தனாருக்கு என் சிறுநீரகம் பொருந்துகிறதாம். அவளுடையது இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன. இவருக்குச் சர்க்கரை, மாமியாருக்கு வயது. மிச்சம் நான். காகிதத்தைப் படித்ததும் இவர் தங்கைக்குப் போன் போட்டார். "கவலைப்படாத. அண்ணி குடுக்கிறா."

நான் பக்கத்தில்தான் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். சில்லறை வேண்டுமென்றால்கூட "இருக்கா?" என்று கேட்பார்களே!

மார்ச் 9, ஞாயிறு
மாமியார் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். என் சாட்சியை! "என் மருமக ஆண்டவரை மாதிரி தன்னையே குடுக்கிறா." எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். போதகர் என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கைக்குக் கீழே இருந்துகொண்டு "இல்லை" என்று யாரால் சொல்ல முடியும்?

ஆடு வெட்டுகிறவனை நம்பும் என்பார்கள். ஆட்டை நம்பி வெட்டக் கிளம்பியவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 11
சபைப் பத்திரிகைக்கு நான் ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம். பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து நானாகப் படித்த தமிழ் என்னுடையது. "என்னை ஒப்புக்கு கொடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். போதகர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒப்புக்கொடுக்கிறேன்னு எழுதணும்மா! ஒரு 'கு' கூடிப்போச்சு பாரு. ஒப்புக்குன்னா பேருக்குக் குடுக்குறதுல்ல? ஒப்புக்குச் சப்பாணி மாதிரி!"

காது சுட்டது. வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

மார்ச் 13
ஆண்டவரின் உயிரை யாரும் பறிக்கவில்லை, அவராகத்தான் கொடுத்தார். இதை நான் முழுமனதாய் விசுவாசிக்கிறேன். ஆனால் சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தத் துன்பப் பாத்திரம் வேண்டாமே என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். கேட்பதற்கு அவருக்கு ஒரு தோட்டமாவது இருந்தது. எனக்கு?

திருட்டுப்போன பொருளை எந்த வீட்டுக் கணக்கிலும் காணிக்கை என்று எழுதமாட்டார்கள்.

தரமாட்டேன் என்றில்லை. தருவேனா என்று எனக்கே தெரியவில்லை — தெரிஞ்சுக்க விட்டாத்தானே, பாவிங்க!

மன்னியும் ஆண்டவரே. ஆனாலும் திட்டி எழுதிய அந்த வரியை அடிக்கப் போவதில்லை.

மார்ச் 17, திங்கள்
டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்தார். "உங்களுக்கு இஷ்டம்தானா? இல்லேன்னா தயங்காம சொல்லுங்க. உங்க உடம்பு தாங்காதுன்னு நாங்களே வெளியில சொல்லிடறோம்."

கேட்ட முதல் ஆள். அழுகை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளியவும் மனம் வரவில்லை. "இன்னிக்கு எங்கிட்ட பதில் இல்ல டாக்டர்" என்றேன். வீட்டுக்கு வந்து, நான் இன்னும் சரி சொல்லவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

"சபைக்கு முன்னாடி சொல்லிட்டேனே, என் மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?" என்றார் மாமியார்.

"நீங்க சொன்னீங்க அத்தை. நான் சொல்லல."

இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார்.

மார்ச் 18
வீட்டில் கதவுகள்தான் பேசுகின்றன.

மார்ச் 22, சனி
நாத்தனார் வந்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் சமையலுக்கு மார்க் போடுகிறவள். கால் வீங்கி, செருப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து அடுப்பை விட்டு நகராமல் நின்றேன்.

"அண்ணி, உங்க கிட்னி எனக்கு வேணுமான்னு என்னையும் யாரும் கேக்கல."

கரண்டியோடு திரும்பினேன்.

"உள்ள வச்சப்புறம் எனக்கும் உங்களை மாதிரியே உப்பு போட மறந்துபோச்சுன்னா?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "பயமா இருக்கு அண்ணி. பிள்ளை சின்னது. அண்ணன் சொன்னதும் நான் வாயை மூடிட்டு இருந்துட்டேன். அது தப்பு. இப்ப நானே கேக்கறேன், குடுப்பீங்களா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. அப்பவும் நான் வந்து உங்க சமையலைத் திட்டுவேன்."

நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பதில் கேட்டு அவள் நெருக்கவில்லை. அரை டம்ளர் தண்ணீர் குடித்தாள். அதற்குமேல் குடிக்க அவளுக்கு டாக்டர் அனுமதியில்லை.

மார்ச் 23, ஞாயிறு
சபைக்குப் போகவில்லை. எல்லாரும் போனபின் சமையலறையில் முழங்கால் போட்டு, "முடியாது" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கூரை இடிந்து விழவில்லை. ஆண்டவர் கோபித்ததாகவும் தெரியவில்லை. பிறகு "தருகிறேன்" என்றும் சொல்லிப் பார்த்தேன்; அது என் குரலாகவே கேட்டது.

ஏப்ரல் 10, வியாழன்
ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இடுப்பின் இடப்பக்கம் மையால் அடையாளம் போட்டிருக்கிறார்கள். பக்கத்து அறையில் நாத்தனார் நர்சுகளை மிரட்டும் சத்தம் கேட்கிறது.

சற்றுமுன் பெரிய நர்ஸ் வந்து கடைசியாக ஒருமுறை கேட்டார், சம்மதம்தானா என்று. இவர் வழக்கம்போல் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அவரைக் கொஞ்சம் காத்திருக்கவிட்டு, நானே சொன்னேன்: சம்மதம்.