டவல் ராடு

வைகாசி 8, வியாழன்

காலையிலேயே வெயில். குளியலறைக்குக் கைப்பிடி வாங்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு இவருக்கு இடது கால் இழுபடுகிறது. போன வாரம் வழுக்கிவிட்டது. நல்லவேளை, கதவைப் பிடித்துக்கொண்டார்.

கோரிப்பாளையம் கடை. காட்டியதெல்லாம் தடித் தடியான வெள்ளைப் பிடிகள். பார்த்ததுமே ஆஸ்பத்திரி ஞாபகம். ஞாயிறு மகளைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து வருகிறார்கள். வீடு முழுக்கச் சுற்றிப் பார்ப்பார்கள். சீக்காளி வீடு என்று முகம் சுளித்தால்?

பளபளவென்று ஒரு டவல் ராடு வாங்கினேன்.

"ஆள் பிடிச்சாத் தாங்காதுக்கா" என்றார் கடைக்காரர்.

"துண்டு போடத்தான்" என்றேன். வீட்டில் மாட்டியதும் இவரிடம், "இதைப் பிடிச்சுக்கங்க." தலையாட்டினார்.

மறக்காமல்: ரவை, பால் கூடுதலாக, இவருக்கு வெள்ளை வேட்டி.

வைகாசி 10, சனி

புழுக்கம். குளியலறை ஜன்னல் கம்பியில் சோப்பு நுரை. துடைத்தேன். வீடு பளிச்.

வைகாசி 11, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளைப் பையனின் அம்மாவுக்கு முழங்கால் வலி. குளியலறைக்குப் போனார். உள்ளே டமார். ஓடினேன். விழவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார். கையில் என் ராடு.

"என்ன மதினி, அண்ணன் காலை இழுத்து நடக்குறாக, ஒரு கைப்பிடி போடக் கூடாதா? எங்க வீட்ல எனக்கே ரெண்டு போட்டிருக்கு."

இவர் முந்திக்கொண்டார். "நாந்தேன் வேணாம்னேன்மா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு."

நான் மனசுக்குள் நினைத்தது. இவரிடம் சொன்னதே இல்லை.

அவர்கள் போன பிறகு, "நீங்க பிடிச்சப்ப ராடு எப்படித் தாங்குச்சு?" என்று இவரிடம் கேட்டேன். "ராடை நான் தொடவே இல்ல. ஜன்னல் கம்பியத்தான் பிடிக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

"என்னைய வச்சு நீ கூச்சப்படுற. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

கேசரி அப்படியே மிச்சம். இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரை விருந்தாளிகளிடமிருந்து மறைக்கப் பார்த்திருக்கிறேன். சீ.

வைகாசி 12, திங்கள்

மேகமூட்டம். ஆட்டோவில் இவரையும் கூட்டிப் போனேன். ஒவ்வொன்றாகப் பிடித்து, இழுத்து, இவரே தேர்ந்தெடுத்தார். இருப்பதிலேயே தடித்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் மாட்டியாயிற்று. மேலூரிலிருந்து பதில் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை.

குளித்துவிட்டுப் பிடியைப் பற்றி நின்றார். பழக்கதோஷம், ஈரத் துண்டை அதன்மேல் போடப் போனேன்.

"அது எனக்குடி" என்றார்.