முனையில் எழுதிய மாதம்

சாக்கைக் கவிழ்த்ததும் அயனி மரத்தின் வாசனைதான் முதலில் வந்தது. உன் மனைவி நேற்று ஆட்டோவில் கொடுத்துவிட்டது. "அண்ணா, மில்லு ஷெட்டை ஒழிச்சப்ப கெடச்சதாக்கும். உளிக்குப் பிடி போட ஆவுமான்னு பாருங்க" என்று போனில் சொன்னாள். பாதிக்குமேல் பலகை முனைகள், இரண்டு விரல் கனத்தில் அறுத்தெடுத்த துண்டுகள். எல்லாவற்றிலும் பச்சைப் பெயிண்ட், அதன்மேல் வெள்ளையில் உன் எழுத்து.

உன் பாறசாலை மர மில்லில் மரத்தடி அறுத்த அன்றே பலகையின் இரு முனைக்கும் பெயிண்ட் அடித்துவிடுவாய், ஈரம் முனைவழியே ஓடிப் பலகை வெடிக்காமலிருக்க. அது காய்ந்ததும் அறுத்த மாதத்தையும் வருடத்தையும் எழுதுவாய். பிறகு இடையில் சிறு கட்டைகள் கொடுத்துக் காற்றுப் போக அடுக்குவாய். "ரெண்டு கோடை காணாத பலகை நம்ம மில்லுல இருந்து வெளிய போவாது மக்கா" என்பாய். மற்ற மில்களில் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பேன்; ஈரப் பலகை கனக்கும். உன்னிடம் மட்டும் முனையை வாசித்துவிட்டு வண்டியில் ஏற்றுவேன். இருபது வருடம் அப்படி. அதை நட்பு என்று நினைத்தேன், மடையன்.

போன வருட மழையில் காஞ்சிரங்குளத்தை அடுத்த ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபைக்குக் கோயில் கதவு செய்தேன். உன் பலகைதான். இழைக்கும்போதே கைக்குக் குளிர்ந்தது. உனக்குப் போன் போட்டேன்.

"எலே, உள்ள ஈரம் உண்டோ?"

"மழை பெய்யுதுல்லா மக்கா, மேலுக்கு உள்ள ஈரமாக்கும். முனையில எழுதியிருக்குல்லா?"

எழுதியிருந்தது. இரண்டு வருடம் முந்தைய மகரம், அதாவது தை மாதம். என் கை சொன்னதை விட்டுவிட்டு உன் எழுத்தை நம்பினேன்.

இந்த வருடம் கும்ப மாத வெயிலில் கதவு முறுக்கிக்கொண்டது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழைந்தது. சபைக்காரர்கள் கூப்பிட்டார்கள், துணைக்கு நீயும் வந்தாய். "பச்ச மரத்துல செஞ்சு ஆண்டவரையே ஏமாத்திட்டீரே" என்று எல்லோர் முன்னாலும் ஒரு பெரியவர் கேட்டார். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும்போது என் தோளில் கைபோட்டு, "போட்டும், விடு மக்கா" என்றாய். அப்போதும் என் வேலையில்தான் பிழை என்று நினைத்தேன். அந்தக் கையை நினைத்தால்தான் இப்போது உடம்பு எரிகிறது. அன்றிலிருந்து அதியன்னூர் முதல் பொழியூர் வரை எனக்குக் கதவு வேலை தர ஆளில்லை.

நேற்று எடுத்த துண்டு ஒன்றில் போன வருட மேடம், அதாவது சித்திரை, என்று இருந்தது. நான் கதவு செய்வதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு. அதில் இருந்த கரும்புள்ளியைக் கதவுப் பலகையிலும் பார்த்த ஞாபகம் வந்து சந்தேகம் தட்டியது. கதவில் மிஞ்சிய பலகை பட்டறையில் கிடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தேன். புள்ளியோடு புள்ளி, ரேகையோடு ரேகை பொருந்தியது. பழைய முனையை அறுத்துப் போட்டு, புது முனைக்குப் பெயிண்ட் அடித்து, நடக்காத இரண்டு கோடையை உன் கையால் எழுதியிருக்கிறாய்.

ஏன் என்று கேட்க நீ இல்லை. ஈரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவைத் தள்ளிப்போட்டிருப்பேன், அவ்வளவுதானே! ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டைச் சபைக்குக் கொண்டுபோகிறேன். உன் மனைவியிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இனி யாருடைய பலகையையும் தட்டாமல் எடுக்க மாட்டேன். கடைசியாகத் தட்டாமல் எடுத்தது உன் சவப்பெட்டிக்கு. இந்த மேடத்தில் நீ போன அன்று, உன் ஷெட்டிலேயே நான்கு வருடம் முந்தைய மாதம் எழுதிய பலகையாகத் தேடிப் பொறுக்கினேன். உனக்கு நல்லதாக இருக்கட்டும் என்று. கல்லறைக்குப் போவதற்குள் மூன்று தடவை தோள் மாற்றினார்கள். "நல்ல கனம் உண்டு" என்றான் தூக்கியவர்களில் ஒருவன். நீ ஒல்லியான ஆள். நான் அழுதுகொண்டிருந்ததில் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.