அம்மா போர்தோவில் தங்கிவிட்டாள்

ஏப்ரல் 9, புதன்

காலையில் கார் ஓட்டப் பழக வந்த பெண்மணி ஒரே ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே போகும் சாலை தெரிகிறது, திருப்பத்தான் பயம். சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலைசுற்றியதுதான் மிச்சம்.

சாயங்காலம் அம்மாவைக் கூட்டிவரப் போனேன். போர்தோவுக்குச் சுற்றுலா போயிருந்த முதியோர் சங்கத்துப் பேருந்து வந்து நின்றது. எல்லோரும் பைகளில் ஒயின் புட்டிகள் கலகலக்க இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. சங்கத் தலைவி இவெத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மரியெல், உன்கிட்ட சொல்லிட்டேன்னு உங்கம்மா சொன்னாளே!" என்றாள்.

என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

போன் பண்ணினேன். "நான் இங்கயே கொஞ்ச நாள் இருக்கேன்டி. கஸ்தோன் வீட்டுல."

யார் கஸ்தோன்?

"நல்ல மனுஷன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 10

எழுபத்து மூன்று வயதில். கஸ்தோனாம்!

ஏப்ரல் 11, வெள்ளி

கார் பயிற்சிப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, வடக்கே எங்கள் லீல் நகரத்திலிருந்து ரயிலேறினேன். திரும்பிவர இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், திங்கட்கிழமைக்கு. ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு.

போர்தோ நிலையத்தில் அம்மாவும் கஸ்தோனும் நின்றிருந்தார்கள். அவர் அம்மாவைவிடக் குள்ளம். பெரிய காதுகள், மழமழவென்று சிரைத்த முகம். வாழ்நாளெல்லாம் ஒயின் வியாபாரி ஒருவரின் நிலவறையில் பீப்பாய் உருட்டியவராம். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வடக்குலேருந்து வர்றவங்க மழையையும் கையோட கொண்டு வருவாங்கன்னு பயந்தேன். பரவாயில்ல, வெறுங்கையோடதான் வந்திருக்கீங்க" என்றார்.

சிரிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சிரிக்கவில்லை.

இரவு சூப். அடியில் கொஞ்சம் மிஞ்சியதும் அவர் அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். இந்தப் பக்கத்துக் கிழவர்கள் செய்வதுதான், கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அம்மாவும் ஊற்றினாள். அம்மாவும் தூக்கினாள்! சின்ன வயதில் மேசையில் முழங்கை பட்டதற்கு என்னைத் தட்டிய அம்மா, மீசை மாதிரி உதட்டுக்கு மேலே சிவப்புக் கோட்டோடு என்னைப் பார்க்கிறாள்.

"என்னடி முறைக்கற? நல்லாத்தான் இருக்கு."

ஏப்ரல் 12, சனி

காலையில் சந்தைக்குப் போனோம். நின்றுகொண்டே சிப்பியும் வெள்ளை ஒயினும். காலை பத்து மணிக்கு! பக்கத்து ரொட்டிக் கடையில் நான் "பேன் ஓ ஷொக்கொலா" என்று சாக்லேட் பன் கேட்டதும் கடைக்காரிக்குக் காது கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. கஸ்தோன் குறுக்கே வந்து, "ஷொக்கொலத்தீன் ஒண்ணு குடும்மா. பாவம், வெளியூர்" என்றார். இந்த ஊரில் அதற்கு அந்தப் பெயர்தானாம். உடனே கிடைத்தது.

அம்மா சிரித்த சிரிப்பு. அப்படி அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று? நினைவில்லை. நினைவில்லாததுதான் உறுத்துகிறது.

அவர் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், எப்படித்தான் பழக்கமானது என்று.

"எல்லாரும் சேன் மிஷேல் கோபுரத்துல ஏறப் போயிட்டாங்க. என் முட்டியால முடியல. கீழ பெஞ்சுல உக்காந்திருந்தேன். இவர் பக்கத்துல வந்து உக்காந்து, 'ஏற முடியலன்னு கோபமா, வருத்தமா?'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சேன்டி. கோபம்னேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. மாத்திரை போட்டியா, கதவப் பூட்டுனியா, அவ்வளவுதான்."

மாத்திரையும் கதவும் நான் கேட்பது. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மத்தியானம் தனியாக ஆற்றோரம் நடந்தேன். கரோன் ஆறு பால் விட்ட காப்பி நிறத்தில், கடலேற்றத்தில் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் எனக்கு எதற்குப் பயம்? அந்த ஆள் மோசடிக்காரர் என்றா? இல்லை. இந்த இரண்டு நாளில் அது தெரிந்துவிட்டது. அப்புறம் எது? கீழ்வீட்டில் அம்மா, மேல்வீட்டில் நான். வேலை முடிந்து வந்தால் தரை வழியாக அவளுடைய வானொலி கேட்கும். விவாகரத்துக்குப் பிறகு ஒரு நாளும் நான் சத்தமில்லாத வீட்டுக்குத் திரும்பியதில்லை.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது? டிக்கெட்டைப் பற்றியும் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு கஸ்தோனின் மகன் லியோனல் வந்தான். என் வயதிருக்கும், காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. கஸ்தோன் விலாங்கு மாதிரி ஓர் ஆற்று மீனைச் சிவப்பு ஒயினில் நேற்றிலிருந்து வேகவைத்திருந்தார். லியோனல் அதைத் தொடவில்லை. அம்மாவைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினான்.

"எங்கம்மா இறந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. வீடு இருக்குற கிழவனாப் பாத்து வந்து ஒட்டிக்கிறாங்க. உங்களுக்குப் புரியலையா?"

அம்மாவின் முள்கரண்டி அப்படியே நின்றது. எனக்கு எங்கிருந்து வந்ததோ—

"ஒட்டிக்கிறாங்களா? எங்கம்மாவுக்குச் சொந்த வீடு இருக்கு. பெஞ்சுல அவங்க பாட்டுக்கு உக்காந்திருந்தாங்க. பக்கத்துல போய் உக்காந்தது உங்கப்பா!"

"அப்ப நீங்க எதுக்கு மதாம் இவ்வளவு தூரம் வந்தீங்க? மீன் சாப்பிடவா?"

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்! நாளைக்கு ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன்!"

வாயை விட்டு வந்துவிட்டது. கஸ்தோன்தான் மெதுவாகச் சொன்னார்: "லியோனல், இது என் மேசை. இங்க ஏதாவது கேக்கணும்னா உப்பு கேளு."

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அத்திமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலேயே போனேன்.

"ரெண்டு டிக்கெட்டா?"

"ஆமாம்மா."

"என்னைக் கேக்காம."

"கேட்டா வந்திருப்பியா?"

"மாட்டேன். அதனாலதான் நீ கேக்கல." ஓர் அத்தியிலையைக் கிள்ளிப் போட்டாள். "அவனும் நீயும் ஒண்ணுதான்டி. அவன் கத்தறான், நீ டிக்கெட் எடுக்கற."

அழுகை வந்தது. "நான் தனியா என்னம்மா பண்ணுவேன்?" என்று கேட்டேவிட்டேன், நாற்பத்தொன்பது வயதில். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

ரயிலில். பக்கத்து இருக்கையில் என் கோட்டு.

மே 6

கதவைத் திறந்தால் சத்தமில்லை. வானொலி ஒன்று வாங்கினேன். பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

லியோனல் போன் செய்தான்! அப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். அம்மாதான் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, எல்லாம். இவன் தினமும் போகிறான். "உங்கம்மா காப்பி குடுக்கறாங்க, ஆனா ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாங்க. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்களேன்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"அது... இன்னும் இல்ல."

"அப்ப உப்புலேருந்து ஆரம்பிச்சுப் பாருங்க" என்றேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 17

போனில் அம்மாவே பேச்செடுத்தாள். கல்யாணமெல்லாம் கிடையாதாம். "இந்த வயசுல கையெழுத்து எதுக்கு?" ஆனால் இந்தப் பக்கம் திரும்பி வரும் எண்ணமும் இல்லை. கீழ்வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு என்றாள். சரி என்றேன்.

செப்டம்பர் 27, சனி

கீழ்வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண், பெயர் சமிரா. மாடியேறி வந்து, "சுவத்துல ஆணி அடிக்கலாமா மதாம்?" என்று கேட்டாள். அம்மா ஒருநாளும் அந்தச் சுவர்களில் ஆணி அடிக்க விட்டதில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அவள் கஸ்தோனின் தங்கையுடைய தோட்டத்தில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரே கூச்சல், லியோனல் யாரையோ கூடையை நேராகப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆணியா? அடிச்சா அடிக்கட்டுமே. அங்க குடியிருக்கறது அவதானே. இரு இரு, வண்டி கிளம்புது, நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

இறங்கிப் போய் அடிக்கலாம் என்று சொன்னேன். சமிராவிடம் சுத்தியல் இல்லை. என்னுடையதைக் கொடுத்துவிட்டு, அவள் மாட்டிய படம் சாயாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன்.