தாத்தாவிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள்

அன்பு மகன் கார்ஸ்டனுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் கொரியாவில், பூசானில் இருமலெல்லாம் விட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக அடுத்த வரியில் தாத்தாவும் சுகம் என்று எழுதுவேன், இந்த முறை அந்த வரி கைக்கு வரவில்லை. ஃபோனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். திரையில் உன் முகத்தைப் பார்த்தால் பாதியிலேயே சமாதானமாகிவிடுவேன், சமாதானமாக எனக்கு இப்போது விருப்பமில்லை. ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரியில் பனிக்கட்டி இந்த வருஷம் தாமதமாகத்தான் உடைந்தது, யாரோ பனிக்கட்டி மேல் நிறுத்தியிருந்த தன் மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுத்து வர மறந்து ஏரிக்கே கொடுத்துவிட்டார், ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அப்பாவுக்குப் பனி தள்ளும் வண்டியை ஓட்டி ஓட்டி இடுப்புப் பிடித்துக்கொண்டது, டாக்டரிடம் போகச் சொன்னால் "கோடை வந்தா தானா சரியாயிடும்" என்கிறார். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, சிரிப்பு இந்த வரியோடு சரி.

கராஜில் தாத்தா விழுந்து கிடந்ததிலிருந்து அவரைத் தனியாக அந்த வீட்டில் விட முடியாது என்று உனக்குத் தெரியும். கை நடுக்கமும் கூடிவிட்டது, சட்டைப் பொத்தான் போடவே காலைப் பொழுது போய்விடுகிறது. உன் பெரியம்மா மார்னியும் நானும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம், துணைக்கு ஆள் இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றைப் பார்ப்பது என்று. அவள் மினியாபொலிஸில் வேலையை விட்டு வர முடியாததால் பார்த்து வரும் பொறுப்பு என்னுடையது. போன இடத்திலெல்லாம் பியானோவையும் மீன்தொட்டியையும்தான் முதலில் காட்டுகிறார்கள். நான் அதற்காகப் போகவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் இன்னொரு தடவை போவேன், யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று நடைபாதையில் நின்று பார்ப்பேன், அங்கே இருப்பவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன். ஒரு இடத்தில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து "மகளே, பியானோவை யாரும் வாசிக்கிறதில்ல, பூட்டியிருக்கு" என்று காதோடு சொன்னார். கடைசியில் நம் ஏரிக்கரையிலேயே இருக்கும் சின்ன இல்லம் எனக்குப் பிடித்தது. வசதி சுமார்தான், தரைவிரிப்பு பழசு. ஆனால் ஒரு பெண் அங்கே ஒரு கிழவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள், அவர் பாதியில் நிறுத்தி மீன் கதை சொல்ல ஆரம்பித்தார், கதை முடியும்வரை அவள் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். எனக்கு அது போதும்.

தாத்தாவை ஒரு மதியம் அங்கே சாப்பிடக் கூட்டிப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு மர ஆலையில் அவரோடு வேலை செய்த ஆர்லன் மாமா சீட்டுக்கட்டோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் "யோவ் ஹால்வர், கை நடுங்குதுன்னு சொல்லிக்கிட்டே சீட்டை மாத்துறியா" என்று அவர் கத்த, "உன் கண்ணு போனதுக்கு என் கைய ஏன்யா திட்டுற" என்று தாத்தா திருப்பிக் கொடுத்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது காரில் எப்படிப்பா இருந்தது என்று கேட்டேன். "அவ்வளவு மோசமில்ல, பிரிட்டா" என்றார். அவர் வாயிலிருந்து அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்னியிடம் சொன்னேன், அவளும் சரி என்றாள். அறையைப் பேசி வைத்தேன், ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கத் துணி வாங்கினேன். நீல நிறத்தில் என்று உன்னிடம்கூடச் சொன்னேன். "தாத்தாவுக்குப் பிடிக்கும்மா" என்றாய். அப்போது உனக்குத் தெரிந்திருந்தது, கார்ஸ்டன்.

என் பள்ளிக் குழந்தைகளை வெளியூர் அறிவியல் போட்டிக்குக் கூட்டிப் போய்விட்டு நான் திரும்பியபோது தாத்தாவின் வீடு பூட்டியிருந்தது. நான் இல்லாத நாட்களில் துணைக்கு வந்து இருப்பதாகச் சொன்ன மார்னி, அவரைத் தன் ஊர்ப் பக்கம் வேறொரு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். ஏரிக்கரை அறையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். தாத்தாவின் மருத்துவ விஷயங்களில் கையெழுத்துப் போடும் உரிமை அவளிடம்தான் இருக்கிறது, மூத்தவள் என்று தாத்தாவே கொடுத்தது, நானும் சந்தோஷமாகச் சம்மதித்தது. ஃபோனில் கேட்டேன். குரலே உயராமல் சொன்னாள், "ஈஸ்டர் அன்னிக்கே அவர்கிட்ட கேட்டாச்சு. பிரிட்டா பக்கத்துல இருக்கணுமா, இல்ல என் பக்கம் வர்றீங்களான்னு. பிரிட்டாவுக்கு எதுக்குச் சிரமம், வேண்டாம்னு அவர் வாயாலதான் சொன்னார். கார்ஸ்டனும் ஃபோன்ல இருந்தான், வேணும்னா அவனையே கேளு." உன் பெயரைக் கேட்டதும் நான் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். ஈஸ்டருக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு பேசினாய், உன் மாணவர்கள் வைத்த பட்டப்பெயர், மாடி வீட்டுக்காரியின் நாய், புதிதாகச் சாப்பிட்ட கணவாய் மீன் எல்லாம் சொன்னாய். இதை மட்டும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்லாதே என்று பெரியம்மா உன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பாள், நீ நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருப்பாய். யாருக்கு நல்ல பிள்ளை என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்னி பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. தாத்தா வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். நீ தூரத்தில் இருந்து நம் ஊர்ப் பழக்கத்தை மறந்துவிட்டாயோ என்னவோ, இங்கே யார் முதல் தடவையே வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்? இன்னும் கொஞ்சம் காபி என்றால் ஐயோ வேண்டாம், இருக்கட்டுமே என்றால் உங்களுக்கு எதுக்குச் சிரமம், மூன்றாவது தடவை கேட்டால் சரி, போட்டுவெச்சது வீணாகப் போகுமென்றால் அரைக் கோப்பை. கேட்பவர் மூன்று தடவை கேட்பது மரியாதை, வந்தவர் இரண்டு தடவை மறுப்பது மரியாதை. மார்னி வேறு வீட்டில் பிறந்தவளா? அவள் கல்யாணத்தன்று மிச்சமிருந்த கேக்கை எடுத்துப் போங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மூடி வைத்துவிட்டார்கள் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டியவள் அவள். அப்படிப்பட்டவள் பெற்ற தகப்பனிடம் ஒரே ஒரு முறை கேட்டாள், வந்த பதிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது இவ்வளவு பெரிய துரோகமாக முடியும் என்று நான் நினைத்ததில்லை.

போன சனிக்கிழமை போய் அவரைப் பார்த்தேன். இடத்தைக் குறை சொல்ல மாட்டேன், நீச்சல் குளம், சினிமா பார்க்கத் தனி அறை, வேலை செய்பவர்களும் அன்பானவர்கள். தாத்தா நாற்காலியின் நுனியில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்து அவர்கள் வெப்பத்தைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார்கள், அறை ரொட்டி சுடும் அடுப்பு மாதிரி இருந்தது, அவர் நெற்றியெல்லாம் வியர்வை. நம் ஊரில் ஒருவர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தால் சீக்கிரம் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம், அந்தப் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்து அறைக்காரர் வக்கீலாக இருந்தவராம், ஜெயித்த வழக்குகளை எல்லாம் சொல்கிறாராம். "கேட்டுக்கிறேன், நல்ல மனுஷன்தான், அவர் மூச்சு விடறதுக்குள்ள நான் நைஸா தூங்கிடறேன்" என்றார் தாத்தா. ஏன்ப்பா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். மார்னி பெட்டி கட்டிட்டா, நடுவுல நான் என்னத்தச் சொல்ல" என்றார். ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், இங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஆர்லன் மாமா விசாரித்ததைச் சொல்லி மறுபடி கேட்டேன். உனக்கு வேலைக்கு வேலை, தினமும் ஓடி வருவாய் என்றார். அவர் வேர்வையைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் என் காரைத் தேடினார். பிறகு, "உனக்கு ரொம்பச் சிரமமா இருக்காதுன்னா சரிம்மா" என்றார்.

கீழே மார்னி காத்திருந்தாள். எத்தனை தடவை கேட்டாய் என்றேன். "வேண்டாம்னா வேண்டாம்தான். பெரிய மனுஷர் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு இல்லையா? இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க" என்றாள். நீ எந்த ஊர் என்றேன். அதற்குத்தான் அவள் உடைந்தாள். "ஊரை விட்டுப் போனவள்னா எனக்கு அப்பா கிடையாதா? இத்தனை வருஷம் நீ பக்கத்துலயே வெச்சிருந்தியே, மிச்சம் இருக்கிற கொஞ்ச நாள் எனக்குத் தரக்கூடாதாடி?" என்று காரின் மேல் சாய்ந்து அழுதாள். அவள் ஆசையை நான் தப்பென்று சொல்லவில்லை. என்னிடம் அதைக் கேட்டிருக்கலாம். ஈஸ்டருக்கே கேட்டிருக்கலாம். நான் மறுத்திருப்பேனோ என்னவோ, ஆனால் திருடியது மாதிரி இருந்திருக்காது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள், "நீ கேட்டா உனக்குப் பிடிச்சதைச் சொல்வார், நான் கேட்டா எனக்குப் பிடிச்சதைச் சொல்வார். நம்ம ரெண்டு பேரையும் நான் நம்பல. அன்னிக்கு அவர் சொன்னதைக் கேட்ட மூணாவது ஆள் கார்ஸ்டன். அவர் மனசாரச் சொல்லலைன்னு அவன் சொல்லட்டும், நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பறேன்."

ஆகவே விஷயம் இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது. ஏரிக்கரையில் வேறொரு அறை காலியாகப் போகிறது, இந்த மாதக் கடைசிவரை எனக்காக வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் பெரியம்மாவைக் கூப்பிடு. எனக்காகப் பேசாதே, என்னிடம் மறைத்ததற்குப் பரிகாரமாகவும் பேசாதே, அப்படிப் பேசினால் அதுவும் ஒரு பொய்தான். சின்ன வயதிலிருந்து கோடை முழுக்க அவர் படகில் உட்கார்ந்திருந்தவன் நீ, அவர் வேண்டாமென்று சொல்லும் குரல்களெல்லாம் உனக்குத் தெரியும். அன்று நீ கேட்டது எந்தக் குரல் என்று மட்டும் சொல். உண்மையாகவே வேண்டாம் என்ற குரல்தான் என்றால் அதையும் தயங்காமல் சொல், அறையை நான் விட்டுவிடுகிறேன், திரைத்துணியை அங்கேயே கொண்டுபோய் மாட்டுகிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதற்கு மட்டும் ஃபோனில் பதில் வேண்டாம். ஊருக்கு வரும்போது என் எதிரில் உட்கார்ந்து சொல், அதுவரை இந்த வருத்தம் எனக்கு இருக்கட்டும். கோபம் போய்விட்டது என்று எழுதி உன்னை நிம்மதியாகத் தூங்க வைக்க என்னால் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே, மாடி வீட்டுக்காரிக்கு நான் அனுப்பிய ஜாமைக் கொடுத்தாயா என்று எழுது. எங்கே இருந்தாலும் நல்லவர்கள் நடுவில் இரு, கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். பெரியம்மாவிடம் பேசும்போது மரியாதையாகப் பேசு, அவளும் அவர் மகள்தான்.

உன்மேல் வருத்தத்தோடும், குறையாத அன்போடும்,
உன் அம்மா
பிரிட்டா