முன்பெட்டியில் அப்பா

டௌவே,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். அப்பாவைத் தேடாதே. என்னோடுதான் இருக்கிறார்.

"எங்கப்பாவ உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி பெட்டியில வச்சு ஓட்டப் போறியா?" என்று காலையில் கத்திவிட்டுப் போனாயே, அவர் காதிலும் விழுந்தது. நீ போனதும் கைத்தடியோடு வந்து, "வண்டி எங்கம்மா?" என்றார். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாசலைத் தாண்டாத மனிதர்.

கால்வாய்ப் பாலத்தில் எதிர்க்காற்று. மோட்டாரை முழு வேகத்தில் வைத்து மிதித்தேன். முன்னால் உள்ள பெரிய பெட்டியில் அவரையும் மளிகைப் பைகளையும் சுமந்துகொண்டு நம் மின்சார சைக்கிள் எங்கும் நிற்காமல் ஏறியது.

மீன்கடை ஹிஸ்கே, "என்ன ஹார்மன், சவாரி பலமா இருக்கே?" என்று சீண்டினாள். அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "என் மருமக ஓட்டுறா. வழிய விடு" என்றார்.

இத்தனை வருஷத்தில் ஊரார் முன்னால் என்னை மருமகள் என்று அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

இப்போது கடலைப் பார்க்க வேண்டுமாம். போர்வை எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தோம்; கடலணைக்குக் கிளம்புகிறோம்.

சீட்ஸ்கே

பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறது, பயப்படாதே.

கோபம் ஆறியிருந்தால் நீயும் வா. உன் சைக்கிளில்தான் வர வேண்டும். பெட்டியில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.