கழற்றிய கைக்கடிகாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வேலப்பன்சாவடி விடுதியில் நலமாக இருக்கிறேன். உன் கை வீக்கம் வற்றிவிட்டதா? உன் போனை அப்பா பார்ப்பார் என்பதால் சித்தி வீட்டுக்கு எழுதுகிறேன்.

நேற்று சின்னச் சண்டை. கேட்காமல் என் சட்டையைப் போட்டதற்காக, கூடப் படிக்கும் ஜெகதீஷை உதடு கிழிய அடித்துவிட்டேன். சென்னையில் பாடி பக்கத்துக்காரன். ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“இன்னா மாமே, வாட்ச்சைக் கழட்டி பாக்கெட்ல வச்சிகினு அடிக்கிற?”

உன்னை அடிக்கும் முன் அப்பா அப்படித்தான் செய்வார். கழற்றியது எனக்கு நினைவே இல்லை. குழந்தை பார்த்தே கற்கிறது என்று சமூகவியல் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

தம்பிக்கு ஆறு வயது. அவனும் கதவோரம் நின்று பார்க்கிறான். ஞாயிறுக்குள் அவனோடு இங்கே வந்துவிடு. அறை பார்த்துவிட்டேன். இரண்டு போர்வை கொண்டு வா.

வகுப்புக்கு மணியடிக்கிறது. அப்பா வேலைக்குப் போன பிறகு கிளம்பு. எதுவும் எழுதி வைக்காதே.

இளமாறன்