குப்பை லொறி வளைத்த கம்பி

மச்சான்,

நேற்று மத்தியானம் சோஹோவில் ஒரு சந்தில் என் மினிகாப் வாடகைக் காரை நிறுத்திவிட்டு, அழைத்த பயணிக்காகக் காத்திருந்தேன். முன்னால் ஒரு கறுப்பு டாக்சி வந்து நின்றது. நான்கு சுற்றுலாக்காரர்கள் இறங்கினார்கள். ஓட்டுநர் அவர்களை ஒரு நிலவறை வீட்டின் இரும்பு வேலிக்குக் கூட்டிப்போய், உட்பக்கமாக வளைந்திருக்கும் கம்பியைக் காட்டி ஆங்கிலத்தில் கதை சொல்லத் தொடங்கினார். கண்ணாடியை இறக்கினேன். உன் கதை. நீ மூச்சு விடும் இடத்தில் அவரும் மூச்சு விட்டார்.

பெரிய ரொக் பாடகர் ஒருவர், பேரில்லாத காலத்தில் அந்த நிலவறையில் குடியிருந்தாராம். கட்டடத்தை விற்பதற்காக வீட்டுக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டை மாற்றிவிட்டானாம். உள்ளே அகப்பட்ட கிட்டாரை எடுக்க அவர் வேலியில் ஏறியபோது இந்தக் கம்பி வளைந்ததாம். பட்டினி கிடந்த ஒரு மெலிந்த மனிதனுக்கு இரும்பு வளையுமா என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை. வரிசையாக நின்று தடவினார்கள். தொட்டுத் தொட்டே அந்த இடத்தில் கறுப்புப் பெயின்ற் போய் இரும்பு பளபளக்கிறது.

கம்பியை வளைத்தது குப்பை லொறி. பின்பக்கமாக ஓடி வந்த லொறி இடித்ததை ஸ்கூட்டரில் இருந்து நானே பார்த்தேன். பாடகர் கதையைக் கட்டி உனக்குச் சொன்னவனும் நான்தான். பொய் என்பதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அடுத்த மாதம் உன் ஆட்டத் திவசம், நீ போய் ஒரு வருஷம்.

கோலியர்ஸ் வுட்டில் உன் அக்கா வீட்டு மேலறையில் நாமிருவரும் நொலேஜ் பரீட்சைக்குப் படித்தோம். கறுப்பு டாக்சி ஓட்டுவதென்றால் லண்டன் நடுப்பகுதித் தெருக்கள் அத்தனையையும் பரீட்சைக்காரர் முன்னால் ஒப்பிக்க வேண்டும். பகலில் ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சுற்றுவோம். பின்னேரம் சுவரில் ஒட்டிய வரைபடத்தில், புறப்படும் இடத்திலிருந்து போகும் இடத்துக்குக் கறுப்பு நூலை இழுத்துக் குண்டூசி குத்துவோம். நூலை ஒட்டிய தெருக்களை ஒருவன் வாய்விட்டுச் சொல்ல, மற்றவன் பிழை பிடிப்பான். தடக்குகிறவன் தேநீர் போட வேண்டும். முதல் வருஷம் முழுக்க நீதான் போட்டாய்.

"மண்டையில ஏறுதில்லையடா. எல்லாத் தெருவும் ஒரே மாதிரிக் கிடக்கு," என்று வரைபடத்தைப் பார்த்து முழுசுவாய்.

நான் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. உனக்கு அந்த இசையே ஆகாது. "தகரக் கூரையில பூனை சண்டை பிடிக்கிற மாதிரி," என்பாய். இருந்தும் உன் மண்டையில் தெருக்களை ஒட்டவைக்க, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுக்காரனை நான் குடிவைத்தேன். டென்மார்க் ஸ்ட்ரீட்டில் கிட்டார் கடைக்கு மேலே படுத்துக் கிடந்தவன். செயின்ட் ஜோன்ஸ் வுட் பாதசாரிக் கடவையில் நடந்து படமெடுத்துக்கொண்ட நாலு பேர். காம்டனில் முதல்நாள் மேடையில் போத்தலால் எறி வாங்கியவன். உனக்குத் தெரு பிடிபட்டது. தேநீர் போடுவது என் பக்கம் வந்தது.

மூன்றாம் வருஷம் அப்பா கிடங்கு வேலையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஏஜென்சிக்காரன் அடுத்த கிழமையே அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டான். நான் நொலேஜை விட்டுவிட்டு, அந்தப் பரீட்சை வேண்டாத மினிகாப் ஓடப் போனேன். உனக்குச் சோறும் அறையும் தர அக்கா இருந்தா. நம் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். உன் விடாமுயற்சியைப் பாராட்டிய ஒருவரும் அந்த அறையைப் பாராட்டவில்லை.

நீ கறுப்பு டாக்சிக்கான பச்சை பாட்ஜை எடுத்தாய். எடுத்த கையோடு டாக்சியில் ரொக் சுற்றுலா தொடங்கினாய். நான் குடிவைத்த அத்தனை பேரும் உன்னோடு வந்தார்கள். பொறாமைக்கு வேறு பேர் தேடி இந்தக் கடதாசியில் மினக்கெட மாட்டேன். எனக்குப் பொறாமை. வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்கு நீ வந்தால் ஆட்கள் உன்னைச் சுற்றி நிற்பார்கள். அன்றைக்கு ஒரு மாமி உன் தோளைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினா.

"நீங்களும் இவரோடதானே படிச்சனீங்கள் தம்பி? ஏன் முடிக்கேல்லை?"

நீ கச்சான் கடலை உடைத்துக்கொண்டு நின்றாய். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இவன்தான் எனக்குப் படிப்பித்தவன் என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்? காருக்குத் திரும்பும்போது, ஒன்றும் நடக்காத மாதிரிக் கேட்டாய்.

"மச்சான், சோஹோவுக்கு ஒரு கதை காணாமக் கிடக்கு. புதுசா ஏதும் இருக்கோ?"

"ஓம், ஒண்டு இருக்கு," என்றேன்.

பாடகரின் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்த ஒரு வெள்ளைக்காரனாவது உன் டாக்சியில் ஏறுவான், எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கிழிப்பான் என்று கணக்குப் போட்டேன். கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்து "சோஹோ கதை எப்பிடிப் போகுது?" என்று விசாரித்தேன். "ஆக்கள் அழுகினமடா," என்றாய்.

அப்படி இருக்கையில்தான் நீ ஒரு சிவப்பு விளக்கில் நின்றாய். பச்சை விழுந்தும் டாக்சி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம், ஒருவனும் உடனே இறங்கிப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வயது. நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கையை விட்டு எழும்பாத ஆளின் இதயம். அதற்கு இந்த நகரம், பேர்போனவர்கள் வீட்டுச் சுவரில் பதிக்கிற நீல வட்டப் பலகை ஒன்றும் பதிக்காது.

நேற்று இறங்கி அந்த ஓட்டுநரிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும். அவருடைய ஆங்கிலத்தில் தெரிந்த ஊர் இழுவையை வைத்துத் தமிழிலேயே தொடங்கினேன். சுற்றுலாக்காரர்கள் கம்பியோடு படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, நீங்கள் சொல்லுறது பொய். உந்தக் கம்பியை வளைச்சது குப்பை லொறி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சொல்லுறியள்?"

"இந்தச் சுற்றுலாவை எனக்குப் பழக்கின பொடியன் சொன்னவன். அவன்ர கூட்டாளி ஒருத்தன், என்னவோ கோவத்தில கட்டிவிட்ட கதையாம். ஆனா வீட்டுக்காரன் பூட்டினது மட்டும் உண்மையாம். வால்தம்ஸ்டோவில அந்தக் கூட்டாளிக்கே நடந்ததாம். கிட்டாரும் போயிட்டுதாம். அதுக்காண்டி ஒரு சொல்லும் மாத்தக்கூடாது எண்டவன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீர்தானோ அது?"

வால்தம்ஸ்டோவில் நான் வாசித்த இசைக்குழுவின் பயிற்சி அறையை வீட்டுக்காரன் பூட்டியது உண்மை. ஒரு திங்கட்கிழமை போனபோது புதுப் பூட்டு. உள்ளே என் பேஸ் கிட்டார். பொலிசும் கவுன்சிலும் ஆளை ஆள் காட்டினார்கள். பிறகு அந்தக் கட்டடத்தில் கண்ணாடி பல்கனி வைத்த பிளாட்டுகள் வந்தன. வெட்கத்தில் உனக்கு நான் சொல்லவே இல்லை. அம்மா உன் அக்காவிடம் சொல்லியிருப்பா. ஆக நான் வாய் திறந்த முதல்நாளே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் சொன்னேன் என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் என் கிட்டாரைச் சொல்லி, ஊர் பேர் தெரியாதவர்களை அழவைத்திருக்கிறாய். பேர்போனவனின் கிட்டார் என்றால்தான் இவர்களுக்குக் கண்ணீர் வரும். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

தேரில் வாய் திறக்காததற்கு நீ கேட்ட மன்னிப்பு இதுதானா? என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம், மடையா. இப்போது இதிலும் நீ முந்திவிட்டாய். நான் உன்னை விழுத்தப் பார்த்தேன். நீ பெரிய மனிதனாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். இறந்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். படுகிறேன்.

"அடுத்த கூட்டம் நாலு மணிக்கு," என்றார் அவர். "ஆனா இவையளுக்கு இன்னொருக்காச் சொன்னாலும் கேப்பினம். நீர் சொல்லுமன்."

லொறியைத்தான் சொல்ல நினைத்தேன். நால்வரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கம்பியில் கையை வைத்தேன். "ஒரு திங்கட்கிழமை," என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். புதுப் பூட்டின் நிறத்தைச் சொன்னேன். யன்னலுக்குள்ளால் தெரிந்த கிட்டார் உறையைச் சொன்னேன். ஆளின் பேரை மட்டும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஒரு நரைத்த பெண் மூக்கை உறிஞ்சினாள். அவளுடைய புருஷன் மெதுவாகக் கை தட்டினான்.

திரும்பி வந்து பார்த்தால், என் பயணி அழைப்பை ரத்துச் செய்துவிட்டுப் போயிருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். உள்ளங்கையில் இரும்பு வாசம். இன்றைக்கும் போகவில்லை.

இப்படிக் கதை சொல்வது இவ்வளவு சுகம் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லையேடா.